மங்கலாக எரிந்த மீட்டர் விளக்கு

திருக்கழுக்குன்றத்தைத் தாண்டிச் சதுரங்கப்பட்டினம் நோக்கி வந்துகொண்டிருக்கிறோம். பொழுது சாய்ந்து, ஏரிப்பக்கத்துப் பூச்சிகள் கிளம்பி முன்கண்ணாடியில் மோதுகிற நேரம். ஸ்டியரிங்கில் நான். பக்கத்தில் என் வீட்டுக்காரர் தேசிங்கு. அவருடைய வலது கை மடியில் கிடக்கிறது. இடது கை கதவைப் பிடித்திருக்கிறது.

வண்டி எங்கள் பழைய அம்பாசிடர். ரேடியேட்டர் சூடாகிற வியாதி அதற்கு உண்டு. ஆகவே ஓட்டுகிறவர் ஒரு கண்ணைச் சாலையிலும் இன்னொரு கண்ணைச் சூடு காட்டும் முள்ளிலும் வைத்திருக்க வேண்டும். பகலில் தொல்லை இல்லை. இருட்டத் தொடங்கினால் முள் காணாமல் போய்விடும். மீட்டருக்குள் விளக்கு எரிகிறதா என்றால், எரிகிறது. பேட்டரி தீர்ந்த டார்ச் மாதிரி, தான் இருப்பதைத் தனக்கே காட்டிக்கொள்ளும் அளவுக்கு எரிகிறது.

செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால் போயிற்று என்பீர்கள். அதையும் செய்தேன். மீட்டர் கண்ணாடியில் பட்டு வெளிச்சம் நேராக என் கண்ணுக்கே திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்துக்குச் சாலையும் தெரியவில்லை.

"ஏங்க, முள்ளு எங்க நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுதா?"

"ஆவட்டும்," என்றார் தேசிங்கு.

அடுத்த வளைவில் பானெட்டுக்கு அடியிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. வண்டியை ஓரம் கட்டினேன். இறங்கி நின்று திட்டினேன். வண்டியைத் திட்டினேனா, மனிதரைத் திட்டினேனா என்று கேட்காதீர்கள். இரண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைத்தது.

ஒரே ஒரு சொல்

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தேசிங்கைத் தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைப் புரட்டுகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அவர் படகு இன்ஜின் மெக்கானிக். எங்கள் சதுரங்கப்பட்டினம் குப்பத்திலிருந்து கடப்பாக்கம் வரை, யாருடைய இன்ஜின் மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். போன வருடம் ஒரு நாள் இன்ஜின் மேல் குனிந்தவர் அப்படியே சாய்ந்தார். பக்கவாதம். வலது கால் பாதி திரும்பி வந்தது. வலது கை வரவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பி வந்தது. அதுதான் 'ஆவட்டும்'.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நல்லபடியாக இருந்த காலத்தில் இந்த மனிதர் எதற்குமே சட்டென்று தலையாட்டியது கிடையாது. எதைக் கேட்டாலும் முதலில் "முடியாது". பிறகு முணுமுணுத்துக்கொண்டே செய்வார். பீரோ வாங்கலாமா? முடியாது. மகளை வெளியூரில் படிக்க வைக்கலாமா? முடியாது. பீரோவும் வந்தது, மகளும் படித்தாள். அப்பேர்ப்பட்டவரின் வாயில் போயும் போயும் இந்தச் சொல்லா வந்து உட்கார வேண்டும்?

அவருக்கு எல்லாம் புரிகிறது என்றார் செங்கல்பட்டு டாக்டர். நினைப்பதும் சரியாகவே நினைக்கிறாராம். அது வாய்க்கு வருவதற்குள் எல்லாமே இந்த ஒரு சொல்லாக மாறிவிடுகிறதாம். காபி வேண்டுமா? ஆவட்டும். வேண்டாமா? ஆவட்டும்.

நான் அவர் முகத்தைப் பார்த்துப் பழகிக்கொண்டேன். மற்றவர்களுக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது? சொல் காதில் விழுந்ததும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இப்படித்தான் ஒரு பங்காளி அவருடைய ஸ்பேனர் செட்டை வாங்கிக்கொண்டு போனார். இன்னொருவர் எங்கள் தென்னைமரத்தில் கோயில் திருவிழா ஒலிபெருக்கியைக் கட்டினார். மாசி மாதம் முழுக்க எங்கள் காது கிழிந்தது.

கொஞ்ச நாளில் அவரைக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். அவர் எதிரிலேயே என்னிடம் கேட்பார்கள். "டீச்சர், அண்ணன் இட்லி சாப்டுவாரா?" "டீச்சர், அண்ணனுக்குக் காத்து போதுமா?" கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரருக்கு என்ன போடலாம் என்று நம்மைக் கேட்பது மாதிரி. எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே இருக்காது.

மீன் கார்

இந்தக் கார் எங்களுக்கு வந்த கதையை இங்கே சொல்லாவிட்டால் வேறு எங்கே சொல்வது?

நான் செங்கல்பட்டில் பிறந்து வளர்ந்தவள். கல்பாக்கம் பக்கத்துப் பள்ளியில் வேலை கிடைத்து, தேசிங்கைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்கு வந்தவள். கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து, எங்கேயோ ஒரு பங்களாவின் பின்புறத்தில் கோழி அடைந்துகொண்டிருந்த இந்த அம்பாசிடரைக் கயிறு கட்டி இழுத்து வந்து வாசலில் நிறுத்தினார். உள்ளே ஒரு கோழி இன்னமும் உட்கார்ந்திருந்தது. நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

படகு இன்ஜினுக்கும் கார் இன்ஜினுக்கும் என்ன வித்தியாசம், எல்லாம் எண்ணெயும் நெருப்பும்தானே என்று மழைக்காலம் முழுவதும் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்தார். தை பிறந்தபோது வண்டி ஓடியது.

விடிவதற்கு முன்னால் மீன் விற்கும் பெண்களையும் அவர்களுடைய கூடைகளையும் ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம் சந்தைக்குப் போவார். திரும்பி வந்து, சோப்புத்தூள் போட்டுக் கழுவி, அதே வண்டியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார். எத்தனை கழுவினாலும் நெத்திலி வாசம் சீட்டை விட்டுப் போகாது. பிள்ளைகள் எனக்கு 'மீன் கார் டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். என் காதில் விழாத மாதிரி நடந்துகொள்வேன். வீட்டுக்கு வந்து அவரை ஒரு பிடி பிடிப்பேன்.

முன் சீட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பெஞ்சு மாதிரி ஒரே சீட்டு. கியர் ஸ்டியரிங்குக்குக் கீழேயே இருக்கும். மீட்டர் பலகை நடுவில். எங்கள் ஊர் டச்சுக் கோட்டைக்குப் பக்கத்து மணல்வெளியில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவர் கத்த, நான் பதிலுக்குக் கத்த, வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

அவர் படுத்துவிட்ட பிறகு அந்தக் கத்தல்தான் எனக்குக் கைகொடுத்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கைக்கும் பேச்சுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். மத்தியானம் போனால் எங்கள் முறை வந்து முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பஸ்ஸில் அவரால் ஏறி இறங்க முடியாது. இந்த வண்டியை விட்டால் எங்களுக்கு வேறு வழி கிடையாது.

ஏழுமலை கொண்டுவந்த ஆள்

ஆவி கிளம்பிய சாலைக்குத் திரும்புகிறேன். போன் போட்டதும் கேனில் தண்ணீரோடு பைக்கில் வந்து நின்றார் ஏழுமலை. தேசிங்கின் தம்பி. ஃபைபர் படகு வைத்திருக்கிறார். அடுத்த வீடுதான். தண்ணீரை ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"இன்னா அண்ணி இது? ஒரு லாரி கிரி வந்து இட்ச்சா இன்னா ஆவறது? முள்ளே தெரியாத வண்டிய வச்சிக்கினு இருட்ல இன்னாத்துக்கு வர்றீங்க?"

அவர் சொன்னதில் தப்பில்லை. பயம் எனக்கும் இருந்தது. அவருக்கு அண்ணன் என்றால் உயிர். அந்தப் பயத்தில்தான் அப்படிக் கத்தினார்.

அதே வாரம் வந்து ஒரு யோசனை சொன்னார். மாமல்லபுரம் பக்கத்தில் ஒருவர் கல்யாண ஜோடிகளுக்குப் போட்டோ எடுக்கத் தோட்டம் போட்டிருக்கிறாராம். ஊஞ்சல், மாட்டுவண்டி, செயற்கை அருவி எல்லாம் அங்கே உண்டாம். ஒரு பழைய அம்பாசிடர் வேண்டும் என்கிறாராம். இன்ஜினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பூச்செடி வைப்பாராம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

தேசிங்கு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஏழுமலை அவர் பக்கம் குனிந்து, செவிட்டுக் காதுக்குச் சொல்கிற மாதிரி கத்திச் சொன்னார். "அண்ணா, வண்டிய குட்த்துடலாமா? நீயும் அண்ணியும் வாடக கார்ல போய்ட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

"ஆவட்டும்."

"பாருங்க அண்ணி, அண்ணனுக்கு ஓகேதான்."

நான் தேசிங்கின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாகக் கொட்டகையில் நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கென்னவோ அது சம்மதமாகத் தோன்றவில்லை. ஆனால் அடித்துச் சொல்ல முடியுமா? அவருக்காகப் பேசுகிறேனா, எனக்கு வேண்டியதை அவர் தலையில் வைத்துப் பேசுகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது. மற்றவர்களைச் சொல்கிறேனே, அவருக்குப் பதிலாக முடிவெடுப்பதில் நான் மட்டும் என்ன ஒழுங்கு?

"முதல்ல அந்த விளக்கைச் சரி பண்ணிப் பாக்கறேன்," என்றேன்.

"வெளக்கு மட்டுமா அண்ணி? இன்னிக்கி வெளக்கு, நாளிக்கி பிரேக்கு," என்று எழுந்து போனார் ஏழுமலை.

விளக்கு எரிந்தால், வண்டியைக் கொடுக்கக் கூடாது என்று சண்டை போட எனக்கு ஒரு காரணமாவது கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கமால் பாயின் வைத்தியம்

செங்கல்பட்டில் பேட்டரி கடை வைத்திருக்கும் கமால் பாய் எங்களுக்குப் பல வருடப் பழக்கம். வண்டியின் ஒயரிங் வேலையும் பார்ப்பார். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பி, அவர் கடை வாசலில் நிறுத்தினேன்.

"வாங்க டீச்சர். இன்னா அண்ணாத்த, நல்லாகீறியா?"

"ஆவட்டும்."

டீ வந்தது. விஷயத்தைச் சொன்னேன். "இது ஒரு மேட்டரா?" என்று மீட்டருக்குள் இருந்த குட்டி பல்புகள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினார். கண்ணாடியைக் கையால் மறைத்துப் பார்த்தோம். அதே மங்கல். விளக்கைக் கூட்டிக் குறைக்கிற குமிழைக் கழற்றிச் சுத்தம் பண்ணினார். மாற்றமில்லை. பேட்டரியைச் சோதித்தார். அது அமோகமாக இருந்தது. சரி, புதுசாக எல்.இ.டி. பல்பைப் போட்டுவிடலாம் என்று ஒன்றைச் செருகினார். அது மினுக் மினுக்கென்று கண்ணடித்தது.

"பேஜாரு புட்ச்ச வண்டியா கீதே," என்று தலையைச் சொறிந்தார். பிறகு என்னிடம், "அண்ணாத்த எப்பனா ஒயரிங்க மாத்தினாரா டீச்சர்?"

அண்ணாத்த பக்கத்து ஸ்டூலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அவர் இங்கதானே இருக்கார் பாய். அவரையே கேளுங்க."

கமால் பாய்க்கு முகம் சுருங்கியது. நல்ல மனிதர். திரும்பி, "அண்ணாத்த, ஒயரிங்க மாத்தினியா?" என்றார்.

"ஆவட்டும்."

இதற்குத்தான் உங்களைக் கேட்டேன் என்பதுபோல என்னைப் பார்த்தார் பாய். தேசிங்கு டீ கிளாஸைக் கீழே வைத்தார். பாதி டீ அப்படியே இருந்தது.

அன்றைக்குத் திரும்பி வரும்போது எனக்கு மகா எரிச்சல். சாலையில் புளியமர நிழல் அடர்ந்த இடத்தில், விளக்கைப் போட்டுக்கொண்டே வந்தேன். ஓடும்போது மீட்டர் வெளிச்சம் ஒரு பொட்டுக் கூடி நடுங்குகிற மாதிரி இருந்தது. ஆடுகள் குறுக்கே வந்து வண்டியை நிறுத்தியதும் மறுபடி சுருங்கிக்கொண்டது. ஆட்டுக்காரர் மேல் இருந்த கோபமும் சேர, மீட்டர் பலகையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

பளிச்சென்று எரிந்தது. கண் சிமிட்டுவதற்குள் மங்கிவிட்டது.

தேசிங்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது கையை நீட்டி என் கையைப் பிடித்துப் பலகையில் மறுபடி தட்ட வைத்தார். மறுபடி பளிச். மறுபடி மங்கல். என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நிற்பார், கோளாறு பிடிபட்டதும் இப்படித்தான் பார்ப்பார். ஒரு வருடமாக அந்தப் பார்வையை நான் காணவில்லை. ஆடுகளெல்லாம் போய் ரொம்ப நேரம் ஆகியும் வண்டியைக் கிளப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தார்ப்பாய்க்குள்

ஞாயிற்றுக்கிழமை காலை. பகல் வெளிச்சத்தில் மீட்டர் விளக்கு எரிவது தெரியாது. ஆகவே படகை மூடுகிற பெரிய தார்ப்பாயை எடுத்து வந்து கார் முழுக்கப் போர்த்தினேன். உள்ளே புகுந்தால் இருட்டு, புழுக்கம், அதோடு பழைய வலையின் உப்பு நாற்றம்.

இடப்பக்க சீட்டில் உட்கார்ந்திருந்த தேசிங்கு பானெட்டைக் காட்டினார். பேட்டரிதான் கோளாறு என்கிறார் போலிருக்கிறது என்று, வெளியே போய்ப் பானெட்டைத் திறந்து, பேட்டரி முனைகளை உப்புத்தாள் வைத்துத் தேய்தேயென்று தேய்த்தேன். வந்து பார்த்தால் முறைக்கிறார். மறுபடி பானெட்டைக் காட்டினார். "பண்ணிட்டேங்க!" என்றேன். மறுபடி காட்டினார். எனக்கு வேர்த்து ஊற்றியது. "என்னதான் பண்ணச் சொல்றீங்க?" என்று கத்தியே விட்டேன்.

அவர் இடது கையால் எதையோ பிடுங்குவது மாதிரி செய்து காட்டினார். பிறகுதான் புரிந்தது. ஒயர்களில் கை வைப்பதற்கு முன்னால் பேட்டரி இணைப்பைக் கழற்று என்கிறார். ஸ்விட்சை அணைக்காமல் பல்பு மாட்டாதே என்று பள்ளியில் வருடா வருடம் பாடம் நடத்தியவள் நான்.

கழற்றிவிட்டு வந்தேன். அடுத்த சிக்கல், அவர் உட்கார்ந்திருந்த இடம். இடப்பக்க சீட்டிலிருந்து மீட்டருக்குப் பின்னால் கைவிட வலது கை வேண்டும். அந்தக் கைதான் வேலை செய்யாதே. இடது கை அங்கே எட்ட வேண்டுமானால் அவர் ஓட்டுகிறவர் இடத்துக்கு வர வேண்டும். படுத்த நாளிலிருந்து அந்த இடத்தில் அவர் உட்கார்ந்ததில்லை. உட்காரச் சொல்லி நானும் கேட்டதில்லை.

இப்போது அவரே ஸ்டியரிங்கை இடது கையால் எட்டிப் பிடித்தார். பெஞ்சு சீட்டில் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நகர்ந்தார். வலது கால் நடுவில் சிக்கியது. தூக்கி வைத்தேன். ஒரு வழியாக ஸ்டியரிங்குக்குப் பின்னால் வந்து சேர்ந்து, மூச்சு வாங்க, இருட்டில் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் ஸ்குரூ டிரைவரைத் தேடுவதாகப் பாவனை செய்தேன்.

அவர் காட்டிய திருகாணிகளை நான் கழற்ற, மீட்டர் பலகை முன்னால் சாய்ந்து வந்தது. பின்னால் ஒரே ஒயர்க் கூட்டம். நான் டார்ச் பிடித்தேன். அவர் விரல் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய்க் கறுப்பு ஒயரில் நின்றது. விளக்குக்குப் போன கரண்டு திரும்பி வருகிற ஒயர் அது. வண்டியின் இரும்பில் அதை முறுக்கி வைத்திருப்பார்கள். எர்த் என்பார்கள். பிடித்து ஆட்டிப் பார்த்தேன். இறுக்கமாகவே இருந்தது.

"நல்லாத்தானேங்க இருக்கு?"

அவர் கேட்டுக்கொள்ளவில்லை. போல்ட்டைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினார். கழற்றியதும், அது உட்கார்ந்திருந்த இடத்தை விரலால் தடவினார். தடவிக்கொண்டே இருந்தவர், நகத்தால் சுரண்டினார். விரலை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் நீட்டினார்.

நகத்துக்குள் நீலம்.

எல்லாம் நீலம்

எங்கள் குப்பத்துப் பெயிண்ட் விஷயத்தை இப்போது சொல்லியாக வேண்டும். படகுகள் கரையேறி நிற்கிற மாதங்களில் எல்லோரும் பெயிண்ட் அடிப்பார்கள். படகுக்கு அடித்தது போக டப்பாவில் மிச்சம் இருக்கும். மூடி வைத்தால் காய்ந்துவிடும், கொட்டவும் மனசு வராது. உப்புக்காற்றில் எந்த இரும்பும் தங்காது. ஆகவே கண்ணில் பட்ட இரும்புக்கெல்லாம் அடித்துவிடுவார்கள். ஜன்னல் கம்பி, தையல் மெஷின், கேஸ் அடுப்பு ஸ்டாண்டு, சைக்கிள், கோழிக்கூண்டு. ஒரு தெரு முழுவதும் ஒரே நிறமாக இருக்கும். ஒருமுறை ஒரு வீட்டில் துருப்பிடிக்கக் கூடாது என்று பூட்டுக்கும் அடித்தார்கள். சாவி போகவில்லை. பூட்டை உடைத்துத்தான் உள்ளே போனார்கள்.

பெயிண்ட் வழியாகக் கரண்டு போகாது. எர்த் ஒயரைப் பெயிண்டின் மேல் வைத்து எவ்வளவு இறுக்கினாலும் பிரயோஜனமில்லை. எங்கள் வண்டியில் திரும்பி வர வழியில்லாத கரண்டு, ஸ்பீடோமீட்டருக்குள் வருகிற இரும்புக் கேபிளைப் பிடித்துக்கொண்டு அரைகுறையாகத் திரும்பியிருக்கிறது. அதனால்தான் ஓடும்போது ஒரு நடுக்கம், நிற்கும்போது ஒரு மங்கல், தட்டினால் ஒரு பளிச்.

இதெல்லாம் எனக்கு விளங்கிக்கொண்டிருந்தபோது தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஏழுமலை தலையை நீட்டினார்.

"இன்னா அண்ணி, வண்டிய போத்தி வச்சிருக்கீங்க? அந்த ஆளு சாய்ந்தரம் வந்துகினு…"

அண்ணன் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. தேசிங்கு அந்த நீல நகத்தைத் தம்பி முகத்துக்கு நேராக நீட்டினார்.

ஏழுமலை நகத்தைப் பார்த்தார். மீட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அவர் படகும் அதே நீலம்தான்.

"நான்தாண்ணா அட்ச்சேன்," என்றார். குரல் இறங்கிவிட்டது. "நீ ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருந்தப்போ. உள்ள கை வச்சா துருவா கொட்னுச்சு. நீ திரும்பி வந்து பாத்தா வண்டி துருப்புட்ச்சி கெடக்கக் கூடாதுன்னு, எல்லாத்தயும் கழட்டி, சொரண்டி, ரெண்டு கோட்டு அட்ச்சி மாட்னேன். உனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு வேண்டிக்கினே அட்ச்சேண்ணா."

எனக்கு அவர் மேல் ஒரு வாரமாக இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்த நாட்களில் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தேன். இங்கே இவர் தனியாக உட்கார்ந்து, அண்ணன் திரும்பி வருவார் என்று நம்பி, கண்ணுக்கே தெரியாத இடத்தில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

தேசிங்கு சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும் இப்போதைய சிரிப்பு. சத்தமே வராமல் உடம்பு மட்டும் குலுங்கியது. பிறகு அந்த இடத்தைக் காட்டி, தேய் என்று சைகை செய்தார்.

ஏழுமலை உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். மூன்று பேருக்கும் அங்கே இடமில்லை. நான் பின் சீட்டுக்குப் போனேன்.

"இங்கியாண்ணா?"

தலையசைப்பு.

"போதுமாண்ணா? இன்னும் தேய்க்கணுமா?"

கை ஆடியது. இன்னும்.

"ஒயருக்கு அடியிலயும் தேய்க்கட்டா?"

நான் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழுமலை ஒவ்வொரு கேள்விக்கும் அண்ணனின் கையைப் பார்த்தார். என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. எனக்கு அது எத்தனை நிம்மதியாக இருந்தது தெரியுமா?

இரும்பு வெள்ளையாகத் தெரிந்ததும் போல்ட்டைப் போட்டு இறுக்கினார். நான் போய்ப் பேட்டரியை இணைத்துவிட்டு வந்தேன். தேசிங்கு இடது கையை நீட்டி ஸ்விட்சைத் தானே இழுத்தார்.

வேக மீட்டரில் இருந்த எண்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. சூடு காட்டும் முள் தன் இடத்தில் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. பச்சை கலந்த அந்த வெளிச்சம் அண்ணன் தம்பி இரண்டு பேர் முகத்திலும் விழுந்தது. மூக்கு இரண்டும் ஒரே மாதிரி என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அப்புறம் ஏழுமலைக்கு அந்த ஆளின் நினைவு வந்துவிட்டது.

"கீழ எறங்குண்ணா. சாய்ந்தரம் அந்த ஆளு வந்துடுவாரு."

"ஆவட்டும்," என்றார் தேசிங்கு.

ஆனால் இறங்கவில்லை. இடது கை ஸ்விட்சிலிருந்து ஸ்டியரிங்குக்குப் போய் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. விரல் மூட்டுகள் வெளுக்கிற அளவுக்குப் பிடி. கண் தம்பியை விட்டு அகலவில்லை.

ஏழுமலை அந்த வாயைப் பார்த்தார். பிறகு அந்தக் கையைப் பார்த்தார். கையைத்தான் நெடுநேரம் பார்த்தார். தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். போன் பேசுவது உள்ளே கேட்டது.

"சார், வராதீங்க சார்… இல்ல சார், வெல பிரச்சன இல்ல. எங்கண்ணன் வண்டிய குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு… ஆமா சார், அவரேதான். இப்பதான் என்கிட்ட சொன்னாரு."

தேசிங்கு மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். விளக்கு அவ்வளவு நன்றாக எரிந்ததால் அதை மறைக்கவும் முடியவில்லை.